கோல்ஃப் வாத்தியார் வேலை காலி

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த கையோடு ஊர் ஊராக வழிகாட்டி முகாம் கிளம்பிவிடுகிறது. ராமநாதபுரத்திலோ பரமக்குடியிலோ கல்யாண மண்டபம் பிடித்து, வாசலில் ஃப்ளெக்ஸ் கட்டி, டை கட்டிய ஒருவர் மைக் பிடித்து, என்ன படிக்கலாம், எங்கே படிக்கலாம் என்று மணிக்கணக்கில் பேசுகிறார். நர்சிங் என்கிறார், செயற்கை நுண்ணறிவு என்கிறார், கப்பல் படிப்பு என்கிறார். கடலாடி தாலுகா சிக்கல் கிராமத்திலிருந்து பஸ் பிடித்துப் போன பிள்ளைகள் ஒரு துணிப்பையும் ஒரு பேனாவும் வாங்கிக்கொண்டு திரும்புகிறார்கள். உலகத்திலேயே சொகுசான உத்தியோகம் எது என்பதை மட்டும் ஒருவரும் சொல்லித் தொலைப்பதில்லை.

அது கல்லூரி கோல்ஃப் பயிற்சியாளர் வேலை. தம்பி, கவனமாகக் கேள். தங்கச்சிக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

பணியின் தன்மை

நூறு, நூற்றைம்பது ஏக்கர் நிலம் வேண்டும். அதில் புல் வளர்க்க வேண்டும். ஆடு மாடு மேயும் புல் கிடையாது. தினமும் குளித்து, வாரம் தவறாமல் முடிவெட்டிக்கொள்ளும் புல். பதினெட்டு இடத்தில் 108 மில்லிமீட்டர் அகலத்துக்குக் குழி தோண்டிவைப்பார்கள். ஒரு வெள்ளைப் பந்தைக் குச்சியால் தட்டித் தட்டி அந்தக் குழிகளில் இறக்க வேண்டும். பந்து போன பக்கமெல்லாம் நடக்க வேண்டும். அலுப்பாக இருந்தால் பேட்டரி வண்டி உண்டு. குச்சிப் பையைச் சுமக்கக் கூலிக்கு ஆள் உண்டு. அவருக்குக் கேடி என்று பெயர். ஆடிக்கொண்டே நிலம், டெண்டர், சம்பந்தம் மூன்றையும் பேசி முடித்துவிடலாம் என்பதால் பெரிய மனிதர்களுக்கு இந்த ஆட்டத்தின் மேல் தனிப் பிரியம்.

புல்லுக்குத் தாகம் அதிகம். வெயில் நாட்டில் ஒரு மைதானம் ஒரு நாளைக்குப் பல லட்சம் லிட்டர் குடிக்கும். சிக்கல் வட்டாரத்துப் பெண்கள் இந்த வரியைக் கொஞ்சம் நிதானித்துப் படிக்கவும். தள்ளுவண்டியில் குடங்களை அடுக்கிக்கொண்டு, காவிரிக் கூட்டுக் குடிநீர் இன்றைக்கு வருமா, நாளை மறுநாள் வருமா என்று குழாயடியில் காத்துக் கிடப்பவர்கள் நீங்கள். வராத நாளில் டிராக்டர் தண்ணீரைக் குடக் கணக்கில் காசு கொடுத்து வாங்குபவர்கள் நீங்கள். பிடிக்காத அதிகாரியைத் தண்டிக்க வேண்டுமென்றால் "தண்ணியில்லாக் காட்டுக்குத் தூக்கி அடி" என்று கோட்டையில் ஒரு வழக்கம் உண்டல்லவா? அந்தக் காடு நாம்தான். அதிகாரிக்கு மூன்று வருடத் தண்டனை. நமக்கு ஆயுள்.

முன்மாதிரி

ஒரு வேலையில் சேருமுன் அந்த வேலையில் உச்சிக்குப் போனவர் யாரென்று பார்த்துக்கொள்வது நல்லது. மைக் ஹோல்டர் என்று ஒருவர். அமெரிக்காவில் ஓக்லஹோமா மாநிலப் பல்கலைக்கழகத்தில் 1973 முதல் 2005 வரை, 32 ஆண்டுகள் கோல்ஃப் பயிற்சியாளர். அவருடைய மாணவர்கள் 8 முறை தேசியக் கோப்பையை வென்றார்கள். திறமைசாலி, அதில் சந்தேகமில்லை. பல்கலைக்கழகத்துக்கென்று கார்ஸ்டன் கிரீக் என்ற கோல்ஃப் மைதானமே 1994இல் எழுந்தது.

நம் ஊராக இருந்தால் 32 ஆண்டு விசில் ஊதியவருக்குச் சந்தன மாலையும் ஒரு சுவர்க் கடிகாரமும் கொடுத்து அனுப்பியிருப்போம். ஹோல்டரை 2005இல் பல்கலைக்கழக விளையாட்டுத் துறைக்கே தலைவர் ஆக்கினார்கள். அந்த வருடக் கடைசியில் எண்ணெய்த் தொழிலதிபர் டி. பூன் பிக்கன்ஸ் 16.5 கோடி டாலர் நன்கொடை கொடுத்தார். கல்லூரி விளையாட்டுக்கு அதுவரை யாரும் அவ்வளவு கொடுத்ததில்லை. பணம் நேராகப் பல்கலைக்கழகக் கருவூலத்துக்குப் போனதா என்றால், இல்லை. கௌபாய் கோல்ஃப் என்ற தர்ம நிறுவனத்துக்குப் போனது. அதன் நிர்வாகக் குழுவில் ஹோல்டர் இருந்தார். கொடுத்த பிக்கன்ஸும் இருந்தார். 2005 டிசம்பர் 30 அன்று தர்ம நிறுவனத்தின் கணக்கில் அந்தப் பணம் ஒரு மணி நேரம்கூட உட்காரவில்லை. எழுந்து நடந்து பிக்கன்ஸே நடத்திய முதலீட்டு நிதிக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. வலது கை கொடுத்ததை இடது கை வாங்கி வைத்துக்கொண்டது. நடுவில் நின்று கைதட்டியது கோல்ஃப். சட்டப்படி எல்லாம் சரி என்றார்கள். சட்டம் எழுதுகிறவர்களும் அதே புல்லில்தான் ஆடுகிறார்கள்.

2008இல் பங்குச் சந்தை விழுந்தது. அந்த முதலீடும் பலத்த அடி வாங்கியது. அதற்கு முன்னால் 2007இல் இன்னொரு யோசனை உதித்திருந்தது. பல்கலைக்கழகத்தின் வயதான அபிமானிகள் 27 பேரைப் பிடித்து, தலைக்கு ஒரு கோடி டாலருக்கு ஆயுள் காப்பீடு எடுத்தார்கள். அவர்கள் செத்தால் பணம் விளையாட்டுத் துறைக்கு. பிரீமியமாக மட்டும் 3.3 கோடி டாலர் போனது. அபிமானிகளோ எதிர்பார்த்த வேகத்தில் சாகவில்லை. நல்ல சாப்பாடு, நல்ல மருத்துவம், தினமும் கோல்ஃப்; எப்படிச் சாவார்கள்? திட்டத்தைக் கைவிட்டு, காப்பீட்டு நிறுவனத்தின் மேல் வழக்குப் போட்டு, அதிலும் தோற்றார்கள். ஹோல்டர் 2021இல் கௌரவமாக ஓய்வு பெற்றார்.

தம்பி, இதுதான் ஒரு கல்லூரி கோல்ஃப் வாத்தியாரின் பணிப் பதிவேடு. மனிதர் எந்தக் குற்றமும் செய்யவில்லை என்பதைக் குறித்துக்கொள். குற்றமே செய்யாமல் இவ்வளவு தூரம் போக முடிகிற வேலை வேறு எது?

இதர வருமானம்

குற்றம் செய்துதான் ஆவேன் என்றால் அதற்கும் வழி உண்டு. 2019 மார்ச் 12 அன்று அமெரிக்காவில் ஒரு வழக்கு வெடித்தது. ரிக் சிங்கர் என்ற கல்வித் தரகர். அவர் கணக்கில் ஒரு பல்கலைக்கழகத்துக்கு மூன்று வாசல். படித்து வருகிறவனுக்கு முன்வாசல். கட்டடம் கட்டிக் கொடுக்கிறவன் பிள்ளைக்குப் பின்வாசல். அந்த அளவு வசதி இல்லாத வெறும் கோடீஸ்வரன் பிள்ளைக்காக அவர் திறந்தது பக்கவாசல். அதன் சாவி பயிற்சியாளர்களிடம் இருந்தது. ஓடாத பிள்ளையை ஓட்டக்காரன் என்று எழுதினார்கள். நீச்சல் குளத்தில் இறங்காத பிள்ளையின் தலையை வாட்டர் போலோ ஆடும் உடம்பில் ஒட்டிப் படம் செய்தார்கள்.

ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழக டென்னிஸ் பயிற்சியாளர் கார்டன் எர்ன்ஸ்ட் ஏறத்தாழ 35 லட்சம் டாலர் வாங்கி, 30 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். யேல் பல்கலைக்கழகக் கால்பந்துப் பயிற்சியாளர் ரூடி மெரிடித்துக்கு 5 மாதம். ஸ்டான்ஃபோர்டு பாய்மரப் படகுப் பயிற்சியாளர் ஜான் வாண்டமோர் கொஞ்சம் அசடு. வாங்கிய பணத்தைத் தன் பையில் போடாமல் படகுக் குழுவின் கணக்கிலேயே போட்டுவிட்டார். அவருக்கு ஒரே நாள் தண்டனை. வாங்கியதை வீட்டுக்குக் கொண்டுபோகாதவன் நம் நாட்டில் அந்தக் குற்றத்துக்கே தனியாக ஒரு இடமாற்றம் வாங்கியிருப்பான்.

பாய்மரம் ஓட்டத் தெரிந்த பிள்ளைக்கு ஸ்டான்ஃபோர்டில் இடம் என்றால், சிக்கலுக்குப் பக்கத்து வாலிநோக்கத்துக் கரை மொத்தமும் இந்நேரம் கலிபோர்னியாவில் குடியேறியிருக்க வேண்டும். ஏர்வாடிப் பிள்ளை மீசை முளைக்குமுன் காற்றின் வாடை பார்த்துப் படகைத் திருப்புவான். அவனுக்குப் பல்கலைக்கழகத்திலிருந்து கடிதம் வருவதில்லை. ராமேஸ்வரத்திலிருந்து படகேறினால் இலங்கைக் கடற்படை வந்து பிடித்துக்கொண்டு போகிறது. பணக்காரன் படகு ஏறினால் விளையாட்டு. ஏழை ஏறினால் எல்லை தாண்டல்.

ஹார்வர்டு மீது தொடுக்கப்பட்ட சேர்க்கை வழக்கில் வெளியான கணக்கு ஒன்று: விளையாட்டுக்கென்று பயிற்சியாளர் கைகாட்டிய விண்ணப்பதாரர்களில் 86 சதவீதம் பேருக்கு இடம் கிடைத்தது. எல்லா விண்ணப்பங்களையும் சேர்த்துப் பார்த்தால் கிடைத்தது ஆறு சதவீதம் பேருக்கு. கைகாட்டிய விளையாட்டுகளின் பட்டியலில் படகு வலித்தல், ஸ்குவாஷ், கத்திச் சண்டை, கோல்ஃப் எல்லாம் உண்டு. வீட்டில் ஏக்கர் கணக்கில் புல் இருக்கிறவனுக்கு அது இடஒதுக்கீடு. அதற்கு மட்டும் எவனும் "தகுதி போச்சே, திறமை போச்சே" என்று தெருவில் இறங்கவில்லை.

உள்ளூர் நிலவரம்

இங்கே கோல்ஃப் இல்லை என்று நினைத்துவிடாதே. வெள்ளைக்காரன் தன் தீவுகளை விட்டு வெளியே வந்து குழி தோண்டிய முதல் இடங்களில் ஒன்று நம் நாடு. கல்கத்தா கோல்ஃப் கிளப் 1829இல் தொடங்கியது. கொடைக்கானலில் 1895இல். சென்னையில் நந்தனத்தில் ஒன்று, கிண்டிக் குதிரைப் பந்தயத் திடலுக்குள் ஜிம்கானா கிளப்பினுடையது ஒன்று.

அந்தக் கிண்டி நிலத்தின் கதையைக் கேள். 160.86 ஏக்கர் அரசு நிலம். 1946 முதல் 99 ஆண்டுக்கு மெட்ராஸ் ரேஸ் கிளப்புக்குக் குத்தகை. வாடகை ஆண்டுக்கு 614 ரூபாய் 13 அணா. வகுத்துப் பார்: ஏக்கருக்கு வருடத்துக்கு நாலு ரூபாய்கூட வரவில்லை. இந்தப் பக்கம் கோடையில் சட்டி வைத்தால் பொரியும் மிளகாய்க் கொல்லையைக் கேட்டுப் பார், அந்த விலைக்குக் கொடுப்பார்களா என்று. 1970க்குப் பிறகு வாடகையை உயர்த்த அரசு முயன்றது, கிளப் மறுத்தது, கோப்பு உறங்கியது. கட்சி மாறி ஆட்சி வந்தது. கோப்பு புரண்டு படுத்தது. கடைசியில் 730.86 கோடி ரூபாய் பாக்கி என்று அரசு கணக்குச் சொல்ல, 2023 மார்ச்சில் உயர் நீதிமன்றத் தனி நீதிபதி அதைக் கட்டச் சொன்னார். 2024 செப்டம்பரில் குத்தகையை ரத்து செய்து அரசு சீல் வைத்தது. வழக்கு மேலும் நடக்கிறது. நடக்கட்டும், நடப்பது அவர்களுக்குப் பழக்கம், பதினெட்டுக் குழிக்கும் நடக்கிறவர்கள்.

சிக்கலில் ஒரு விதவை வீட்டுவரியில் இருநூறு ரூபாய் பாக்கி வைத்தால் ஊராட்சி எழுத்தர் வாசலுக்கு வந்துவிடுவார். ஐம்பது வருடம் பாக்கி வைக்க ஆள் பலம் வேண்டும், அல்லது புல் வேண்டும்.

உடை விஷயத்திலும் எச்சரிக்கையாக இரு. 2014 ஜூலையில் சேப்பாக்கத்தில் கிரிக்கெட் சங்கத்தின் கிளப்புக்குள் வேட்டி கட்டி வந்தார் என்று உயர் நீதிமன்ற நீதிபதி ஹரிபரந்தாமனையே வாசலில் நிறுத்தினார்கள். தமிழ்நாட்டில் தமிழன் வேட்டி கட்டிக்கொண்டு நுழைவதற்கு ஒரு சட்டம் போட வேண்டிவந்தது. மீறினால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் அபராதம். 2017இல் டெல்லி கோல்ஃப் கிளப்பில், மேகாலயப் பெண்கள் உடுத்தும் ஜைன்செம் அணிந்து விருந்தாளியாக வந்த பெண்ணை, வேலைக்காரி மாதிரி இருக்கிறார் என்று சாப்பாட்டுக் கூடத்திலிருந்து எழுப்பினார்கள். இதே டெல்லி கிளப்பில் கேடியாகப் பை சுமந்த அலி ஷேர்தான் 1991இல் இந்திய ஓப்பனை வென்ற முதல் இந்தியத் தொழில்முறை வீரர். கல்கத்தாவில் புல் வெட்டியவரின் மகன் சௌரசியா 2016, 2017 என்று இரண்டு முறை அதை வென்றார். ஆட்டம் வேலைக்காரர்கள் கையில்தான் இருந்திருக்கிறது. சாப்பாட்டு மேசைதான் இல்லை.

நேர்காணல்

இத்தனையும் கேட்ட பிறகும் ஆசை விடவில்லை என்றால், நேர்காணலுக்குத் தயாராகு. மாதிரி ஒன்று:

"தம்பி எந்த ஊரு?"

"சிக்கல், ஐயா. கடலாடி தாலுகா."

"குச்சி பிடிச்ச அனுபவம்?"

"உண்டுங்கய்யா. கருவேலங்குச்சி. வெட்டி மூட்டத்துல அடுக்கியிருக்கேன்."

"மணல்ல விழுந்த பந்தை எடுத்திருக்கியா?"

"மணல்ல தண்ணியே எடுத்திருக்கோம்யா. ஊத்து தோண்டி, செரட்டையால மோந்து."

"மைதானத்துல குளம் இருக்கும். பந்து அதுல விழுந்தா?"

"எங்க கம்மாயில விழுந்தா முள்ளுலதான் போய்த் தேடணும். தண்ணி இருந்தாத்தானே முங்கும்?"

"அப்பா எந்தக் கிளப்புல மெம்பர்?"

"அப்பா நூறு நாள் வேலையில இருக்காருய்யா."

"சரி, சொல்லி அனுப்புறோம்."

சொல்லி அனுப்ப மாட்டார்கள்.

மாற்று வேலை

மனம் தளராதே. உனக்காகவே அரசு வேறொரு உத்தியோகம் வைத்திருக்கிறது. உடற்கல்வி படி. ஆசியாவின் முதல் உடற்கல்விக் கல்லூரியை ஹாரி குரோ பக் 1920இல் தொடங்கியது சென்னையில்தான். ஒய்.எம்.சி.ஏ. கல்லூரி, இன்றைக்கும் நந்தனத்தில் இருக்கிறது, கோல்ஃப் மைதானம் இருக்கிற அதே நந்தனத்தில். அவ்வளவு தூரம் போக முடியாவிட்டால் காரைக்குடியில் அழகப்பா உடற்கல்விக் கல்லூரி இருக்கிறது. வீட்டில் இருக்கிற ஆட்டை விற்றுப் படித்து முடி.

பிறகு பகுதிநேர உடற்கல்வி ஆசிரியர் ஆகலாம். 2012இல் அதிமுக அரசு ஓவியம், உடற்கல்வி, தொழிற்கல்விக்கு 16,549 பேரை எடுத்தது. அதில் உடற்கல்விக்கு 5,392 பேர். வாரத்துக்கு மூன்று அரை நாள். மாதம் 5,000 ரூபாய். 2014இல் 7,000. 2017இல் 7,700. 2021இல் 10,000. அந்த ஆண்டுத் தேர்தல் அறிக்கையில் திமுக 181ஆவது வாக்குறுதியாகப் பணி நிரந்தரம் என்று அச்சடித்தது. வாக்குறுதிக்கு நம்பர் நிரந்தரமானது. ஆசிரியருக்கு 2024இல் 2,500 ரூபாய் ஏறி, 12,500 ஆனது. நிரந்தரம் கேட்டுச் சென்னையில் கல்வித் துறை வளாகத்தின் முன்னால் உட்கார்ந்தவர்களைப் போலீஸ் வேனில் ஏற்றிக் கல்யாண மண்டபத்தில் அடைத்தார்கள். அதே மாதிரி மண்டபத்தில்தான் வழிகாட்டி முகாமும் நடக்கிறது என்பதை உன் கவனத்துக்குக் கொண்டுவருகிறேன்.

மே மாதத்துக்குச் சம்பளம் கிடையாது என்றே ஆண்டுக்கணக்காக ஓட்டினார்கள். மே மாதம் பள்ளிக்கூடம் இல்லை, எனவே வயிறும் இல்லை என்பது கல்வித் துறையின் கண்டுபிடிப்பு.

இந்த அரை நாள் வாத்தியாரை மைதானத்தில் போய்ப் பார். மைதானத்தில் பாதியைச் சீமைக் கருவேலம் பிடித்திருக்கும். மீதிப் பாதியில் முள் பொறுக்கி, சுண்ணாம்பில் கபடிக் கோடு போட்டிருப்பார். சுண்ணாம்பு அவர் காசு. வாலிபால் வலையில் நடுவில் ஒரு ஓட்டை. அதை நைலான் கயிற்றால் அவரே பின்னியிருப்பார், மீன்வலை பின்னத் தெரிந்த ஒரு மாணவனைப் பக்கத்தில் உட்காரவைத்து. பத்தாம் வகுப்புக்கு விளையாட்டுப் பாடவேளை வந்தால் கணக்கு வாத்தியார் வந்து "சார், இன்னிக்கு ஒரு நாள் குடுங்க, போர்ஷன் முடியல" என்பார். ஜூனில் கேட்ட அந்த ஒரு நாள் மார்ச்சில்தான் முடியும். காலை வரிசைக்கு விசில் ஊத வேண்டும், விலையில்லா சைக்கிள் வந்தால் எண்ணி அடுக்க வேண்டும், சாப்பாட்டு வரிசையை ஒழுங்குபடுத்த வேண்டும், முடி வெட்டாமல் வந்தவனைத் திருப்பி அனுப்ப வேண்டும். இவ்வளவுக்கும் நடுவில் வட்டார அளவில் ஓடி ஜெயித்த பிள்ளையை மாவட்டப் போட்டிக்குக் கூட்டிப் போகும்போது பஸ் கட்டணமும் பரோட்டாக் காசும் அவருடைய சம்பளத்தில் இருந்துதான். பிள்ளையின் அம்மா, "சார், ஷூ வாங்கணுமாமே, அடுத்த மாசம் மொளகா வித்து வாங்கலாமா?" என்று கேட்பாள். போட்டி அடுத்த வாரம் இருக்கும். சார் தன் ஷூவைக் கழற்றிக் கொடுப்பார். முன்னால் பஞ்சு அடைத்து, அந்தப் பிள்ளை ஓடும்.

கல்லூரிக்குப் போனால் மரியாதை கூடும் என்று நினைக்கிறாயா? மரியாதை பதவிப் பெயரிலேயே இருக்கிறது: கௌரவ விரிவுரையாளர். மாதம் 50,000 வரை கொடுக்கலாம் என்று பல்கலைக்கழக மானியக் குழு 2019இல் சொன்னது. 2024இல் தமிழ்நாடு அரசு கொடுத்தது 25,000. மீதி 25,000க்குத்தான் கௌரவம்.

பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்கென்று 500 இடம் இருக்கிறது. சிக்கல் பிள்ளையும் போட்டி போடலாம், யார் தடுத்தது? மாநில அளவில் ஆடிய சான்றிதழ் வேண்டும். மாநில அளவில் ஆட வாத்தியார் வேண்டும். வாத்தியார் செவ்வாய் மதியமும் வியாழன் மதியமும் வெள்ளிக் காலையும்தான் வாத்தியார். மற்ற நேரத்தில் ஜெராக்ஸ் கடையில் இருப்பார், அல்லது பைக்கில் உணவு டெலிவரி கொடுத்துக்கொண்டிருப்பார். அமெரிக்காவில் பயிற்சியாளரைக் காசு கொடுத்து வாங்கிப் பிள்ளையின் இடத்தைத் திருடினார்கள். இங்கே அந்தச் செலவுகூட இல்லை. பயிற்சியாளரை நியமிக்காமல் விட்டாலே போதும், மாவட்டம் முழுவதற்குமான இடத்தைச் சத்தமில்லாமல் எடுத்துவிடலாம். இதற்கு எவனும் சிறைக்குப் போவதில்லை. இதற்குக் கொள்கை முடிவு என்று பெயர்.

கணக்கு

நிதி இல்லை என்கிறார்கள். எந்தக் கட்சி வந்தாலும் இந்த வசனம் மட்டும் மாறுவதில்லை. சரி, கணக்குப் போடுவோம். 2012இல் எடுத்த 5,392 உடற்கல்வி ஆசிரியர்களுக்கும் 2024ஆம் ஆண்டுச் சம்பளமான மாதம் 12,500 வீதம், மே மாதத்தையும் சேர்த்து, ஒரு வருடத்துக்கு 80.88 கோடி ரூபாய் ஆகும். அரசே கேட்ட ரேஸ் கிளப் பாக்கி 730.86 கோடி. வகுத்தால் ஒன்பது. குதிரைக்கும் கோல்ஃபுக்கும் விட்டுவைத்த ஒரே ஒரு பாக்கியில், தமிழ்நாட்டின் அத்தனை பகுதிநேர உடற்கல்வி வாத்தியாருக்கும் ஒன்பது வருடச் சம்பளம் இருக்கிறது. அந்தக் காசை அவர்கள் சட்டைப் பையில் விட்டுவைத்துவிட்டு, ஷூவில் பஞ்சு அடைத்து ஓடும் பிள்ளையிடம் வந்து "கஜானா காலி" என்று சொல்ல நாக்கு கூச வேண்டாமா?

தம்பி, கோல்ஃப் வாத்தியார் வேலை உனக்கு இல்லை. அது பரவாயில்லை, நமக்கு அந்தப் புல்லும் வேண்டாம். உன் பள்ளிக்கூடத்துக்கு முழுநேர வாத்தியார் ஒருவர் வேண்டும். அதைக் கேள். அடுத்த தேர்தலுக்கு ஓட்டுக் கேட்டு வருகிறவர்கள் புதிதாக ஒரு நம்பர் போட்ட வாக்குறுதியோடு வருவார்கள். மாலை போடாதே, கும்பிடாதே, வழியை மறித்துக்கொண்டு நின்று கேள்: 614 ரூபாய் 13 அணாவுக்கு யார் கையெழுத்துப் போட்டது, அதை ஐம்பது வருடம் யார் பார்த்துக்கொண்டிருந்தது, எங்கள் சாருக்கு நிரந்தர உத்தரவு எந்தத் தேதியில் வரும்? தேதி சொல்லாதவனுக்கு ஓட்டு இல்லை என்று சொல். மே மாதச் சம்பளப் பாக்கியையும் சேர்த்துக் கேள், 2012இல் இருந்து.